சமன்பாட்டில் ஒரு துண்டை மட்டும் எடுப்பது எப்படி?

மாட்டுங்காவில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். வாரம் ஒரு வினாத்தாள். வேர்டில் ஆல்ட் விசையோடு சமக்குறியை அழுத்தினால் சமன்பாட்டுப் பெட்டி வந்துவிடும். அதிலிருந்து ஒரு துண்டை மட்டும் எடுத்து வேறிடத்தில் ஒட்டும்போதுதான் கை தடுமாறும். (தமிழ்வழியில் படித்த எனக்குப் ‘பகுதி’ என்றால் பின்னத்தின் அடியில் இருப்பது; அதனால் ‘துண்டு’ என்றே எழுதுகிறேன்.)

இருபடிச் சூத்திரத்தில் மூலக்குறிக்குள் இருக்கும் ‘பி ஸ்கொயர் மைனஸ் நாலு ஏசி’ மட்டும் வேண்டுமா? மவுஸால் இழுக்காதீர்கள். இம்மி தாண்டினாலும் மூலக்குறியும் சேர்ந்து வரும். இன்னும் தாண்டினால் பின்னமே முழுதாக வந்துவிடும். ‘பி’க்கு முன்னால் சொடுக்கி, ஷிஃப்டை விடாமல் வலது அம்புக்குறியை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். ‘சி’ நிழலுக்குள் வந்ததும் நிறுத்தி நகலெடுங்கள்.

ஒட்டுமிடம் இன்னும் பொல்லாதது. ஒருமுறை ‘பி ஸ்கொயர்’ வரை அடித்துவிட்டு ‘மைனஸ் நாலு ஏசி’யை ஒட்டினேன். கர்சர் அடுக்கு எண்ணான 2க்குப் பின்னால், மேலேயே நின்றிருக்கிறது. ஒட்டியது முழுவதும் அடுக்கில் ஏறிக்கொண்டது. கவனிக்காமல் 14 ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன். ஒரு பையன் அதை அப்படியே போட்டு, விடைக்கு அடியில் இரட்டைக் கோடும் இழுத்திருந்தான்! அன்றிலிருந்து கர்சரின் உயரத்தைப் பார்க்காமல் ஒட்டுவதில்லை. குட்டையாக இருந்தால் அடுக்குக்குள் இருக்கிறது. வலது அம்புக்குறியை ஒருமுறை தட்டினால் கீழே இறங்கி நிமிர்ந்துகொள்ளும். புள்ளிக்கோட்டுக் கட்டம் காலியாக இருந்தால் முதலில் அதைச் சொடுக்கிவிட்டு ஒட்டுங்கள். பெட்டிக்கு வெளியே ஒட்டினால் தனிச் சமன்பாடாக நிற்கும்.

பின்னத்துக்குள் பின்னம் என்றால் நான் வேறு வழியில் போவேன். பெட்டியின் வலது ஓர அம்பை அழுத்தி ‘லீனியர்’ என்பதைத் தேர்ந்தால் எல்லாம் ஒரே வரியாகப் படுத்துவிடும். பின்னம் சாய்கோடாகும், அடைப்புக்குறிகள் வெளியே தெரியும். வேண்டியதைச் சாதாரண எழுத்துபோல வெட்டி ஒட்டலாம். திறந்த அடைப்புக்கெல்லாம் மூடல் இருக்கிறதா என்று எண்ணிவிட்டு ‘புரொஃபஷனல்’ என்பதைத் தேர்ந்தால் பழைய உருவம் திரும்பிவிடும்.

இதெல்லாம் வேர்டு 2007இல் வந்த எடிட்டருக்கு. அதற்கு முந்தைய ஈக்குவேஷன் எடிட்டர் 3.0இல் செய்த தாள்களும் என்னிடம் உண்டு. அதை 2018 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் நீக்கிவிட்டதால், அந்தச் சமன்பாடுகள் படம்போல நிற்கின்றன. அவற்றோடு மல்லுக்கட்டாமல் புதிதாகவே அடித்துவிடுகிறேன்.