தண்ணீர்ச் சொம்பு காலியாகாத கதை

திருமங்கலம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் இரவு நர்ஸாக இருக்கிறேன். எண்பதைத் தாண்டிய ஓர் அப்பத்தா (எங்கள் எல்லாருக்குமே அவர் அப்பத்தாதான்) மாலை பஜனைக்கு வருவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. தனிமைதான் காரணம் என்று நானாக முடிவுகட்டி, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக்கொடுத்துப் பார்த்தேன். பலனில்லை.

பரீட்சைக்காக மனப்பாடம் செய்த உளவியலாளர் மாஸ்லோ அப்போதுதான் நினைவுக்கு வந்தார். மனிதத் தேவைகளைக் கீழ்ப்படியிலிருந்து மேலாக அடுக்கி 1943இல் அவர் எழுதிய வரிசை: உடல் தேவை, பாதுகாப்பு, அன்பும் உறவும், மதிப்பு, கடைசியில் தன் திறன் மலர்வது. நான் மூன்றாம் படியில் தொடங்கியிருந்தேன்.

கீழிருந்து பார்த்தேன். மதியம் வைத்த சொம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது. அவர் நாக்கு வறண்டிருந்தது.

"குடித்தால் ராத்திரி எழுந்து போக வேண்டும் தாயி. விழுந்தால் யார் தூக்குவது?"

ஒருமுறை கழிவறை வாசலில் வழுக்கியதை யாரிடமும் சொல்லவில்லையாம்.

டாக்டரிடம் கேட்டு, மாலையில் கொடுத்துவந்த நீர் பிரியும் மாத்திரையைக் காலைக்கு மாற்றினோம். தண்ணீருக்கு அளவு உண்டா என்றும் கேட்டுக்கொண்டேன். கட்டிலருகே ஒரு கமோடு நாற்காலி, சின்ன இரவு விளக்கு. அவ்வளவுதான்.

பத்து நாளில் சொம்பு காலியானது, பேச்சும் வந்தது. பஜனைக்கு இன்னும் வருவதில்லை. அது அவருக்குப் பிடிக்கவே பிடிக்காதாம்! ஆனால் உதிரி மல்லிகை வாங்கிவந்தால் நாரில் நெருக்கமாகக் கட்டித் தருகிறார். நான் கட்டிய சரத்தைப் பார்த்து, நடுவே எறும்பு ஊர்வலம் போகலாம் என்றார்.