ஹேவ்லாக்கில் ஓய்வெடுக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

அந்தமானுக்கு ஓய்வெடுக்கத்தான் போகிறோம் என்று சொல்கிறவர்களின் பயணத் திட்டத்தை வாங்கிப் பார்த்தால், ஓய்வு எந்த வரியில் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. முதல் நாள் செல்லுலார் சிறை, மறுநாள் ரோஸ் தீவு, அதற்கடுத்த நாள் விடியலுக்கு முன்பே எழுந்து பாராடங் தீவு, பிறகு ஹேவ்லாக் தீவில் ஒரே ஓர் இரவு, நீல் தீவில் ஓர் இரவு, உடனே விமானம். இதில் கடலைப் பார்க்கலாம். கடலோடு இருக்க முடியாது.

ஒவ்வொரு தீவுக்கும் ஓர் இரவு என்று பிரித்துப் போடுவதுதான் முதல் தவறு. அந்தமானின் தலைநகரான போர்ட் பிளேயரிலிருந்து ஹேவ்லாக்குக்குத் தனியார் விரைவுப் படகில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். ஆனால் அறையைக் காலி செய்வது, படகுத்துறைக்குச் சீக்கிரமாகப் போய்க் காத்திருப்பது, பெட்டிகளைச் சோதனைக்குக் கொடுப்பது, இறங்கியபின் அடுத்த அறை தயாராகும்வரை வரவேற்பறையில் உட்கார்ந்திருப்பது என்று ஒரு படகுப் பயணம் அரை நாளுக்கு மேல் விழுங்கிவிடும். ஐந்து இரவுகள் கையில் இருந்தால் மூன்றை ஹேவ்லாக்குக்கே கொடுங்கள். நீல் தீவை இந்த முறை விட்டுவிட்டாலும் குறைவில்லை. பாராடங்கைத் தாராளமாக விட்டுவிடலாம். செல்லுலார் சிறை அப்படியல்ல; அங்கே அவசரமாக நுழைந்து வெளியே வரக்கூடாது. அதற்கென்று ஒரு மாலைப்பொழுதை முழுதாக ஒதுக்குங்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹேவ்லாக் 2018 முதல் ஸ்வராஜ் த்வீப், நீல் தீவு ஷஹீத் த்வீப். போர்ட் பிளேயரை 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆக்கிவிட்டார்கள். பேச்சில் பழைய பெயர்களே புழங்குகின்றன, டிக்கெட்டில் புதிய பெயர் இருக்கலாம்.

இனி, பலருடைய விடுமுறையைக் கெடுக்கும் பெரிய விஷயத்துக்கு வருகிறேன்: கடலின் ஏற்றமும் வற்றமும். மெரினாவைப் பார்த்துப் பழகியவர்களுக்குக் கடல் எப்போதும் ஒரே இடத்தில் இருப்பதாகவே தோன்றும். சென்னைக் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் சிறியது. அந்தமானில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் நீர்மட்டம் இரண்டு மீட்டர் வரை ஏறி இறங்கும். ஹேவ்லாக்கின் கிழக்குக் கரையில், கோவிந்த நகர், விஜய நகர் பக்கம்தான் பெரும்பாலான விடுதிகள் இருக்கின்றன. அங்கே கரையை ஒட்டிய பாறைத்தளம் ஆழமற்றது. வற்றத்தின்போது நீர் வெகுதூரம் பின்வாங்கி, பாறையும் உடைந்த பவளத் துண்டுகளும் வெளியே தெரியும். கடலோர அறைக்குப் பெரும் பணம் கொடுத்து, நண்பகலில் நீச்சல் உடையோடு இறங்கி, முழங்கால் அளவு நீரில் கல்லை மிதித்துக்கொண்டு நிற்கிறவர்களை அங்கே அடிக்கடி பார்க்கலாம். விடுதியைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தக் கரையின் இயல்பே அதுதான்.

ஆகவே அறை பதிவு செய்யும் முன்பே, போகும் தேதிகளுக்கான கடலேற்ற அட்டவணையை இணையத்தில் பார்த்துவிடுங்கள். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஒவ்வொரு நாளும் ஏற்றமும் வற்றமும் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். இதைத் தெரிந்துகொண்டால் நாள் தானாகவே அமைந்துவிடும். ஏற்றம் காலையில் என்றால் விடுதிக்கு எதிரிலேயே நீந்தலாம். வற்றம் என்றால் அந்த நேரத்தில் சாப்பிடலாம், தூங்கலாம், பாறைக் குழிகளில் நண்டு பார்க்கலாம். மேற்குக் கரையில் உள்ள ராதாநகர் முழுக்க மணல். வற்றத்திலும் அங்கே நீரில் இறங்க முடியும். நீல் தீவின் இயற்கைப் பாறைப் பாலம் இதற்கு நேர்மாறானது. வற்றத்தில் போனால்தான் அருகில் நெருங்க முடியும்.

வெளிச்சமும் இதே அளவு முக்கியம். அந்தமான் சென்னைக்குப் பன்னிரண்டு தீர்க்கரேகைப் பாகை கிழக்கே இருக்கிறது. கடிகாரமோ இந்திய நேரத்தில் ஓடுகிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணியை ஒட்டியே சூரியன் மறைந்துவிடும். ஊர் வழக்கப்படி மதியத் தூக்கத்திலிருந்து மூன்றரைக்கு எழுந்து, தேநீர் குடித்து, படகுத்துறைப் பக்கமிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் கடந்து ராதாநகர் போய்ச் சேர்ந்தால், செருப்பைக் கழற்றும்போதே இருட்டத் தொடங்கியிருக்கும். இதற்கு ஈடாக விடியல் ஐந்தரைக்கெல்லாம் வந்துவிடுகிறது. கிழக்கே காலாபத்தர் கரையில் அந்த நேரத்தில் கூட்டமே இருக்காது. இரவு ஒன்பதுக்குத் தூங்கி ஐந்துக்கு எழுகிறவர்களுக்கே இந்தத் தீவு தன்னை முழுதாகக் கொடுக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

கடலில் இறங்குவதில் இரண்டு அஜாக்கிரதைகளைக் கண்டிப்பாக விட்டுவிட வேண்டும். ஒன்று, உவர்நீர் முதலைகளை வெறும் கதையாக நினைப்பது. 2010இல் ராதாநகருக்கு அருகே நீரில் மூழ்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்த அமெரிக்கப் பெண் ஒருவர் முதலைக்குப் பலியானார். அலையாத்திக் காடும் ஓடைகளும் கடலில் கலக்கும் இடங்களிலிருந்து விலகியே இருங்கள். எச்சரிக்கைப் பலகையைத் தாண்டாதீர்கள். விடியல் இருட்டிலும் அந்தி கவிந்த பிறகும் நீரில் வேண்டாம். இன்னொன்று, உள்ளே இழுக்கும் நீரோட்டத்தோடு மல்லுக்கட்டுவது. அதில் சிக்கினால் கரையை நோக்கி நீந்தக் கூடாது; கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, இழுப்பு விட்டபின் கரைக்குத் திரும்ப வேண்டும். குடித்துவிட்டு இறங்குகிறவருக்கு இது நினைவுக்கே வராது.

முகமூடி போட்டுக் குப்புற மிதந்து பவளப்பாறை பார்க்கிறவர்களின் முதுகு வெந்துபோகும். நீர் குளிர்ச்சியாக இருப்பதால் சூடு உறைக்காது, இரவில்தான் தெரியும். முழுக்கைச் சட்டையோடு இறங்கினால் போதும். மாலையில் வெறும் மணலில் படுத்தால் மணல் ஈக்கள் கடிக்கும், தடிப்பு பல நாள் இருக்கும். விரிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு போங்கள்.

சென்னையிலிருந்து கடலடியில் போட்ட இணையக் கேபிள் 2020இல் வந்தபிறகு தொடர்பு எவ்வளவோ மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் ஹேவ்லாக்கில் ஏடிஎம்கள் குறைவு. போர்ட் பிளேயரிலேயே பணம் எடுத்துக்கொள்வது நல்லது.

திரும்பும் நாளைத் திட்டமிடுவதில் நடக்கும் தவறுக்குத்தான் விலை அதிகம். காலையில் ஹேவ்லாக்கிலிருந்து படகு, மதியம் விமானம் என்று போடாதீர்கள். கடல் கொந்தளித்தால் படகுகளை நிறுத்திவிடுவார்கள். 2016 டிசம்பரில், பின்னர் சென்னையைப் புரட்டிப்போட்ட அதே வர்தா புயல் உருவான நாள்களில், நூற்றுக்கணக்கான பயணிகள் ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலும் சிக்கிக்கொண்டார்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் மீட்டன. கடைசி இரவைப் போர்ட் பிளேயரிலேயே கழியுங்கள். காற்று உருளையோடு ஆழத்துக்கு மூழ்கும் ஸ்கூபா செய்கிறவர்களுக்கு இது உடம்புக்கும் தேவை. மூழ்கி எழுந்தபின் இரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். ஒரே ஒரு முறை மூழ்கியிருந்தாலும் பன்னிரண்டு மணி நேரமும், பல முறை மூழ்கியவர்கள் பதினெட்டு மணி நேரமும் விமானம் ஏறக்கூடாது.

பெட்டி கட்டும்போது குழந்தைகளின் பையைத் திறந்து பாருங்கள். பவளத் துண்டுகளும் சில வகைச் சங்குகளும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருகின்றன. கரையில் செத்து ஒதுங்கிய பவளத்தை எடுத்துவந்தாலும் விமான நிலையச் சோதனையில் பிடிபடுவீர்கள். காலியாகக் கிடக்கும் சங்கும் யாருக்கும் வேண்டாததல்ல; அந்தக் கரைகளில் திரியும் முனிவன் நண்டுகளுக்கு அதுவே வீடு. கடையில் சிப்பி வேலைப்பாட்டுப் பொருள் வாங்கினால் ரசீது கேட்டு வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். ரசீது தர மறுக்கும் கடையில் எதையும் வாங்க வேண்டாம்.