துரத்துகிற சேவலை என்ன செய்வது?

எங்கள் வீடு பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் போகிற வழியில், தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு கோழி, ஒரு செவலைச் சேவல். ஒரு நாள் காலையில் அம்மா தவிட்டுப் பக்கெட்டை எடுத்துக்கொண்டு கட்டுத்தறிக்குப் போகும்போது அவன் பின்னாலேயே வந்து கெண்டைக்காலில் முள்ளால் ஒரு போடு போட்டான். அன்று ஆரம்பித்தது. தென்னமட்டையை எடுத்து விரட்டுவது, கல்லை விட்டெறிவது, காலால் எத்துவது என்று மூன்று மாதம் நாங்களும் சளைக்கவில்லை, அவனும் சளைக்கவில்லை. கடைசியில் மட்டையைப் பார்த்தாலே பிடரியைச் சிலிர்த்துக்கொண்டு நேராக வர ஆரம்பித்துவிட்டான். அடித்துத்தான் அவனை அந்த அளவுக்குக் கொண்டுவந்தோம் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் புரிந்தது.

சேவலுக்கு அடி என்றால் தண்டனை இல்லை, சண்டைக்கு வா என்ற அழைப்பு. இன்னொரு சேவல் உதைத்தால் எப்படித் திருப்பி உதைக்குமோ அப்படித்தான் நம் காலையும் பார்க்கும். நாம் அடித்துவிட்டுத் திரும்பி நடந்தால் அதன் கணக்கில் நாம் தோற்று ஓடுகிறோம். அடிக்கவும் கூடாது, ஓடவும் கூடாது. இந்த இரண்டையும் ஒன்றாகச் செய்வதுதான் கஷ்டம்.

முதலில் எதற்காக வருகிறது என்று பாருங்கள். சேவல் கூவப் பழகும் ஐந்தாறு மாதத்திலிருந்து ஏறக்குறைய ஒரு வயதுவரை உடம்பில் ஆண் சுரப்பு ஏறுகிற காலம். அதுவரை சாதுவாக இருந்த விடலை திடீரென்று முறைக்க ஆரம்பிப்பது பெரும்பாலும் அப்போதுதான். தனிக் குஞ்சாகக் கையில் வைத்து வளர்த்து, மடியில் உட்கார வைத்து அரிசி ஊட்டின சேவல்தான் அதிகம் துரத்தும் என்று சொன்னால் பலர் நம்ப மாட்டார்கள். மனிதர்மேல் பயம் இல்லாததால் நம்மையும் கூட்டத்தில் ஒரு கோழியாகவே எண்ணி, வளர்ந்ததும் யார் பெரியவன் என்று பார்க்க வருகிறது. சில சேவலுக்கு நேர்மாறாகப் பயம்தான் காரணம், பிள்ளைகள் கல்லெறிந்து பழக்கியிருப்பார்கள். பறக்கிற லுங்கி, பூப்போட்ட நைட்டி, சிவப்பு பக்கெட் என்று ஏதாவது ஒன்றைக் கண்டால் மட்டும் பாயும் சேவலும் உண்டு. கோழிக்கு நிறம் நம்மைவிட நன்றாகவே தெரியும், அதனால் பக்கெட்டை மாற்றிப் பாருங்கள் என்று நான் சொன்னால் சிரிக்க வேண்டாம். இரண்டு மூன்று வருடம் ஒழுங்காக இருந்த சேவல் திடீரென்று சீறினால் பிடித்து இறகுக்கடியில் பேன் இருக்கிறதா, பாதத்தில் கட்டி இருக்கிறதா, கண் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். வலியில் இருக்கிற சேவலிடம் நீங்கள் என்ன பழக்கினாலும் ஏறாது.

பக்கத்து வீட்டு மலையாளத்து அக்கா ‘பூவனுக்குப் பிராந்து’ (சேவலுக்குப் பைத்தியம்) என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். பைத்தியமெல்லாம் இல்லை. பருந்து நிழல் விழுந்தால் குரல் கொடுத்துக் கோழிகளை ஒதுங்க வைப்பதும், கீரி வந்தால் முன்னால் போய் நிற்பதும் அதே சேவல்தான். அந்தக் குணம் வேண்டும், ஆனால் அது நம் பக்கம் திரும்பக் கூடாது.

பாய்வதற்கு முன்னால் சேவல் சொல்லிவிட்டுத்தான் பாயும். ஒரு பக்கமாகத் திரும்பி ஒற்றைக் கண்ணால் உற்றுப் பார்க்கும், ஒரு சிறகை மட்டும் தாழ்த்தித் தரையில் உரசிக்கொண்டு பக்கவாட்டில் நம்மைச் சுற்றி வரும், இரையே இல்லாத இடத்தில் சும்மா தரையைக் கொத்தும். கழுத்து இறகு குடைபோல விரிந்தால் அடுத்தது பாய்ச்சல்தான். அந்தச் சிறகு உரசலை நாங்கள் ஆரம்பத்தில் விளையாட்டு என்று நினைத்து ரசித்துக்கொண்டிருந்தோம். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

எப்படி நிறுத்துவது? அது சிறகைத் தாழ்த்தியதும் பின்வாங்காதீர்கள், சுற்றிக்கொண்டும் போகாதீர்கள். நேராக அதை நோக்கி மெதுவாக ஓர் அடி வையுங்கள். அது விலகாவிட்டால் இன்னோர் அடி. ஓடித் துரத்த வேண்டாம், கத்த வேண்டாம். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒன்றும் நடக்காததுபோல இரை பொறுக்கிக்கொண்டே ஒதுங்கும் பாருங்கள், அப்போது நின்றுவிடுங்கள். அதற்கு மேலும் விரட்டினால் மறுபடி சண்டையாகிவிடும். முதுகைக் காட்டிப் போவது முதலில் அதுவாக இருக்க வேண்டும், நீங்களாக அல்ல. கையில் ஒரு பழைய முறமோ அகலமான டின் மூடியோ வைத்துக்கொண்டு முழங்கால் உயரத்தில் கேடயம் மாதிரி பிடியுங்கள். பாய்ந்தால் அதில் மோதிக்கொள்ளும், உங்களுக்கும் அடிக்கத் தோன்றாது. முழங்கால்வரை மூடுகிற தோட்டத்து பூட்ஸ் இருந்தால் இன்னும் நல்லது.

இதைத் தினமும் கூடு திறக்கும்போதும் இரை போடும்போதும் செய்ய வேண்டும். தவிட்டைக் கொட்டியதும் சேவலைக் கொஞ்சம் தள்ளி நிற்க வைத்து, கோழிகள் தின்ன ஆரம்பித்த பிறகே அதை உள்ளே விடுங்கள். கையில் வைத்து ஊட்டுவதை அடியோடு நிறுத்திவிடுங்கள். அப்புறம் இது வீட்டில் ஒருவர் மட்டும் செய்தால் பலிக்காது. எனக்கு அடங்கின செவலை அம்மாவிடம் பழையபடிதான் போனான், அம்மாவும் முறத்தோடு நிற்கப் பழகின பிறகே அவரைப் பார்த்து ஒதுங்கினான். மூன்று வாரம் ஆனது. ஒரே நாளில் ஆகும் என்று யாராவது சொன்னால் அவர் சேவல் வளர்த்ததில்லை.

தூக்கிப் பழக்குவதும் உதவும். பகலில் துரத்திப் பிடிக்கப் போகாதீர்கள், அதுவே ஒரு சண்டை. கோழிக்கு இருட்டில் கண் தெரியாது, அடைந்த பிறகு மங்கலான டார்ச் வெளிச்சத்தில் போய் இரண்டு சிறகையும் உடம்போடு சேர்த்துப் பிடித்துத் தூக்கினால் சத்தமே போடாது. காலை விரல்களுக்கிடையில் பிடித்து, தலை பின்பக்கம் பார்க்கும்படி கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பத்து நிமிடம் சும்மா நடந்துவிட்டு, உடம்பு தளர்ந்ததும் இறக்கிவிடுங்கள். திமிறும்போது இறக்கிவிட்டால் திமிறினால் விடுவார்கள் என்றுதான் கற்றுக்கொள்ளும். தலைகீழாகத் தொங்கவிட்டுத் தூக்குவது நம் ஊரில் சகஜம், ஆனால் எடை கூடின சேவலுக்கு அதில் மூச்சு திணறும், காலும் பிசகும். இன்னொன்று, பங்குனி சித்திரையில் பாலக்காட்டுப் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தொடும். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். அந்த மாதங்களில் உச்சிப் பொழுதில் இந்தப் பயிற்சி எதுவும் வேண்டாம்.

கூட்டத்தின் கணக்கையும் பாருங்கள். எட்டுப் பத்துப் பொட்டைக்கோழிக்கு ஒரு சேவல் போதும். ஐந்து கோழிக்கு இரண்டு சேவல் இருந்தால் அவை ஒன்றையொன்று கொத்தும், கோழிகள் முதுகில் இறகே இல்லாமல் அலையும், மிச்சக் கோபம் உங்கள் காலுக்கு வரும். குஞ்சு பொரிக்க வேண்டாம், முட்டை மட்டும் போதும் என்றால் சேவலே தேவையில்லை. சேவல் இல்லாமலே கோழி முட்டையிடும், இதைச் சொன்னால் எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) இன்னும் ஒத்துக்கொள்ள மாட்டார். ரொம்ப முறுக்கிக்கொண்டு திரிகிற சேவலை ஒரு வாரம் பத்து நாள் தனியாக, மற்ற கோழிகள் கண்ணில் படுகிற மாதிரி வலைக்குள் அடைத்து வைத்துவிட்டு வெளியே விட்டால் கொஞ்சம் இறங்கி வரும். எல்லாச் சேவலுக்கும் இது பலிக்காது.

கால் முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. அதன் வெளி உறைதான் நம் நகம் போன்றது, உள்ளே எலும்பும் ரத்த ஓட்டமும் உண்டு. அடியோடு வெட்டுவது, சூடு வைத்துப் பிடுங்குவது எல்லாம் கொடுமை, ரத்தமும் நிற்காது. இரவில் பிடித்து அரத்தால் நுனியை மட்டும் மழுக்கிவிட்டால் போதும். ஆழமாகக் குத்தாது. தவறிப்போய் ரத்தம் வந்துவிட்டால் மஞ்சள்தூளை வைத்து அழுத்திப் பிடியுங்கள்.

மனிதருக்குக் காயம் பட்டால் அதைச் சாதாரணமாக விடாதீர்கள். குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவுங்கள். முள் குத்தினது சின்னத் துளையாகத்தான் தெரியும், ஆனால் சாணியும் மண்ணும் ஆழமாக உள்ளே போயிருக்கும். டிடி ஊசி எப்போது போட்டது என்று நினைவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். வெறிநோய் பறவையிலிருந்து வராது, அந்தப் பயம் வேண்டாம். காலில் நரம்பு சுருண்டு புடைத்திருக்கும் பெரியவர்கள் சேவல் இருக்கிற கூட்டுக்குள் போகவே கூடாது. தெற்கு ஆஸ்திரேலியாவில் 76 வயது அம்மா ஒருவர் முட்டை எடுக்கப் போன இடத்தில் சேவல் கொத்தி, புடைத்த நரம்பு உடைந்து ரத்தம் போயே இறந்துவிட்டார். 2019-ல் மருத்துவ இதழில் வந்த செய்தி அது. அப்படி ரத்தம் பீறிட்டால் உடனே படுக்க வைத்து, காலை உயரத் தூக்கி, துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள்.

வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் மேலே சொன்ன பயிற்சி எதற்கும் காத்திருக்காதீர்கள். சேவல் பாய்கிற உயரமும் குழந்தையின் கண் இருக்கிற உயரமும் ஒன்று. எங்கள் செவலை பெரியவர்களிடம் அடங்கிவிட்டான், ஆனால் அக்கா மகள் லீவுக்கு வந்த அன்று அவள் முகத்தைப் பார்த்துச் சிறகைத் தாழ்த்தினான். அந்த ஞாயிற்றுக்கிழமை குழம்பு. அதில் எனக்கு வருத்தம் உண்டு, குற்றவுணர்ச்சி இல்லை.

சிலருக்கு அதுவும் முடியாது, ஏனென்றால் சேவலைக் கோயிலுக்கு நேர்ந்து விட்டிருப்பார்கள். விற்கவும் மனசு வராது, திருவிழாவரை அறுக்கவும் முடியாது, அதுவரை வீடே அதற்குப் பயந்து நடக்கும். கேரளத்தில் கோயிலில் பலியிட 1968 சட்டப்படி தடை உண்டு, தமிழ்நாட்டில் இருந்த தடையை 2004-ல் எடுத்துவிட்டார்கள், அதனால் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிற குலதெய்வக் கோயிலுக்குக் கொண்டுபோகிறவர்கள் எங்கள் ஊரில் நிறைய. அதுவரை தனியாக அடைத்து வைப்பது ஒன்றே வழி. ‘நல்ல கோபக்காரச் சேவலாக இருக்கிறது, சண்டைக்குக் கொடுங்கள்’ என்று கேட்டு வருபவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். பறவைகளை மோதவிடுவது 1960 மிருகவதைச் சட்டப்படி குற்றம், அதோடு ஆளைத் துரத்துகிற குணத்துக்கும் களத்துச் சேவல் குணத்துக்கும் சம்பந்தமே இல்லை. நன்றாகக் கையாண்டு வளர்த்த, சண்டை இனமான பெருவிடைச் சேவல் இன்னொரு சேவலைக் கண்டால் கொன்றுவிடும், ஆனால் வளர்த்தவர் கையில் பூனை மாதிரி இருக்கும்.

அடுத்த சேவல் வாங்கும்போது குஞ்சாக வாங்காதீர்கள், கூவ ஆரம்பித்துச் சில மாதமான சேவலாகப் பாருங்கள். விற்பவர் வீட்டு முற்றத்தில் கால் மணி நேரம் நின்று, அவர் கோழிகளுக்கு நடுவில் நடக்கும்போது அது விலகுகிறதா, எதிர்த்து நிற்கிறதா என்று கவனித்தால் பாதி தெரிந்துவிடும். அது தன் இரையைத் தானே தின்னாமல் குரல் கொடுத்துக் கோழிகளைக் கூப்பிடுகிறதா என்றும் பாருங்கள், அப்படிப்பட்டது கூட்டத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போட்டதா என்று கேட்டுக்கொண்டு, கொண்டுவந்த பிறகும் இரண்டு மூன்று வாரம் தனியாகவே கட்டி வைத்து, அப்புறம்தான் கோழிகளோடு விடுங்கள்.