ஏஐக்கு முதலில் நாசிக்கைச் சொல்லிக் கொடுங்கள்

மகாராஷ்டிரத்தின் நாசிக்கில், திராட்சை வளர்த்து ஒயின் தயாரிக்கும் ஒரு சின்ன ஒயினரியின் விளம்பரம், விற்பனை வேலைகளைப் பார்க்கிறேன். இதற்கெல்லாம் ஏஐயை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்பவர்களுக்காக, நான் செய்கிற முறை இது.

முதல் வேலை, உங்கள் தோட்டத்தைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பு. என்னென்ன திராட்சை, எந்த மண், ஏப்ரலில் ஒரு கவாத்து (கொடியை வெட்டிவிடுவது), மழை ஓயும் சமயத்தில் இன்னொன்று, ஜனவரி முதல் மார்ச் வரை அறுவடை. இதைக் கொடுக்காமல் "அறுவடைக்கு ஒரு பதிவு எழுது" என்றால், செப்டம்பரில் இலைகள் சிவக்க ஆட்கள் கூடையோடு நடப்பதாக எழுதித் தரும். அது பிரான்ஸ், கலிஃபோர்னியா கதை. நமக்குச் செப்டம்பரில் மழையே முழுதாக விட்டிருக்காது.

அதிக நேரம் செலவிட வேண்டியது சுவையைச் சொல்லும் வரிகளில். கேபர்னே சாவின்யோன் என்ற சிவப்பு ஒயினைச் சொன்னதும் ஏஐ 'பிளாக்கரன்ட்' என்ற வெளிநாட்டுப் பழத்தில் ஆரம்பித்துவிடும். மும்பையிலிருந்து வரும் குடும்பத்தில் எத்தனை பேர் அதைச் சாப்பிட்டிருப்பார்கள்? எங்கள் டேஸ்டிங் ரூமில், அதாவது ஒயினைச் சுவைத்துப் பார்க்கும் அறையில், கிளாஸை முகர்ந்ததும் நாவல்பழம் என்கிறார்கள். ஷிராஸ் என்ற சிவப்பு ஒயின் என்றால் மிளகு, சாவின்யோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினுக்குக் கொய்யா. ஊற்றிக் கொடுப்பவர்களை, காதில் விழுவதையெல்லாம் ஒரு நோட்டில் குறிக்கச் சொல்லுங்கள். அதைக் கொடுத்து, "இதில் இருப்பதை மட்டும் வைத்து மூன்று வரி எழுது" என்று கேளுங்கள். மராத்தியிலும் எழுதும். ஆனால் ஊர்க்காரர் ஒருவர் வாசித்துப் பார்க்காமல் வெளியே விடாதீர்கள்.

தோட்டத்துப் படங்களை ஏஐயிடம் வரையச் சொல்லவே வேண்டாம். படத்தை நம்பிக் காரெடுத்து வருகிறவர்கள் அதே மலையை இங்கே பார்க்க வேண்டும்.

"ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது" என்று நடுவில் ஒரு வரி வந்தால் வெட்டிவிடுங்கள். மது லேபிளில் உடல்நலப் பெருமை பேசக்கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதி. நான் பதிவுகளிலும் அதையே பின்பற்றுகிறேன்.

அப்புறம், விருந்தினர் பட்டியல். 1994ஆம் ஆண்டின் கேபிள் டிவி விதிகள் மது விளம்பரத்தைத் தடுப்பதால், நேரில் வந்து சுவைத்தவர்கள்தான் நமக்குப் பெரிய பலம். சம்மதம் கேட்டு, மகாராஷ்டிரத்தில் ஒயினுக்கான 21 வயதையும் உறுதி செய்துகொண்டு மின்னஞ்சல் வாங்குங்கள். பெயர், போன் நம்பர், மின்னஞ்சல் எல்லாவற்றையும் நீக்கி, ஆளுக்கு ஒரு எண் போட்டு, எந்த எண் எதை வாங்கியது என்ற விவரத்தை மட்டும் ஏஐக்குக் கொடுங்கள். ஷெனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் வாங்கியவர்களைத் தனியாகப் பிரித்துத் தரும். புது ஷெனின் பாட்டிலுக்கு வந்ததும் முதல் கடிதம் அவர்களுக்கு.