அவசர சிசேரியனுக்குப் பிறகு பிள்ளையை எப்படிக் கவனிப்பது

வயிற்றுக்குள் பிள்ளையின் துடிப்பு இறங்குகிறது என்று சொல்லி தாயை அவசரமாக ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டு போய்விட்டார்கள், வெளியே அம்மம்மா நல்லூர்க் கந்தனைக் கூப்பிட்டபடி நிற்கிறார். சரி, பிள்ளை பிறந்ததும் முதலில் அப்கார் புள்ளியை, அதாவது பிறந்த உடனே பிள்ளையின் நிலையைப் பார்த்துப் போடும் புள்ளியைக் கேளுங்கள். நிறம், இதயத்துடிப்பு, தூண்டினால் முகம் சுளிப்பது, தசை இறுக்கம், மூச்சு என்று 5 விடயங்களுக்குத் தலா 2 வீதம் 10 புள்ளி. 1ஆம் நிமிடத்திலும் 5ஆம் நிமிடத்திலும் போடுவார்கள். முதல் புள்ளி 4 என்றதும் உடைந்து போகாதீர்கள், 5ஆம் நிமிடத்தில் 7 அல்லது அதற்கு மேல் ஏறினால் பெரும்பாலும் பிள்ளை தேறி வருகிறது. ஏறாவிட்டால் 20 நிமிடம் வரை 5 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பப் போடுவார்கள்.

அப்புறம் வாட்டில் உங்கள் கண்தான் வேலை செய்ய வேண்டும். பிள்ளை நித்திரையாக இருக்கும்போது சட்டையை விலக்கி, வயிறு ஏறி இறங்குவதை முழுதாக ஒரு நிமிடம் எண்ணுங்கள், 30 முதல் 60 வரை சரி. அதற்கு மேல் போனாலோ, முனகினாலோ, விலா எலும்புகளுக்கிடையில் தோல் உள்ளே இழுபட்டாலோ உடனே மிஸ்ஸியை (தாதியை) கூப்பிடுங்கள். கைகால் நீலம் முதல் நாளில் சாதாரணம். நாக்கும் உதடும் நீலமானால் சாதாரணம் இல்லை.

பால் இழுக்காமல் துவண்டு கிடப்பது, கைகால் ஒரே தாளத்தில் வெட்டி இழுப்பது, இவற்றைக் களைப்பு என்று விடவே வேண்டாம். இவை மூளைக்கு ஒட்சிசன் குறைந்ததன் அடையாளமாகவும் இருக்கலாம், அப்படியான பிள்ளைக்கு உடலைக் குளிர வைக்கும் சிகிச்சை தேவைப்பட்டால் அதைப் பிறந்து 6 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு மூச்சில் சிக்கல் கண்டால், இலங்கையில் 1990க்கு கோல் எடுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.