‘பை’ (by) என்ற ஆங்கிலச் சொல்: நாம் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

ஆங்கிலத்தில் இரண்டே எழுத்துதான். ஆனால் காலக்கெடு, பயணம், கணக்கு, செய்தவர் பெயர் என்று ‘பை’ நுழையாத இடம் குறைவு. நம் தவறுகளில் பெரும்பாலானவை, தமிழ் உருபுக்கு நேராக ஓர் ஆங்கிலச் சொல்லைத் தேடுவதால் வருகின்றன.

அதிகம் சிக்கல் தருவது காலக்கெடு. ‘வெள்ளிக்கிழமைக்குள் தருகிறேன்’, ‘இரண்டு நாளைக்குள் தருகிறேன்’ இரண்டிலும் நமக்கு ஒரே ‘உள்’. அதனால்தான் ‘வித்தின் ஃப்ரைடே’ என்று எழுதிவிடுகிறோம். ‘வித்தின்’ கால அளவோடுதான் சேரும்: ‘வித்தின் டூ டேஸ்’. கிழமை, தேதி, மணி என்றால் ‘பை ஃப்ரைடே’. பக்கத்திலேயே இன்னொரு குழி, ‘டில்’. ‘ஐ வில் சென்ட் த ரிப்போர்ட் டில் ஃப்ரைடே’ என்றால், வெள்ளி வரை அனுப்பிக்கொண்டே இருப்பேன் என்பதுபோல் ஒலிக்கும். அனுப்புவது, கட்டுவது, முடிப்பது போல ஒரே தடவையில் நடந்து முடிகிற வேலைக்கு ‘பை’. காத்திருப்பது, தங்குவது போல நீடிப்பதற்கு ‘டில்’. எதிர்மறையில் மட்டும் கணக்கு மாறும்: ‘ஐ வோன்ட் ஃபினிஷ் டில் ஃப்ரைடே’ சரியான வாக்கியம்தான், வெள்ளிக்கு முன் முடியாது என்று பொருள். ‘பை ஃப்ரைடே’யில் வெள்ளியும் அடக்கமா என்றால், பொதுவாக அடக்கம்தான். பண விவகாரக் கடிதமாக இருந்தால் ‘பை 5 பி.எம். ஆன் ஃப்ரைடே’ என்று மணியையும் போட்டுவிடுங்கள்.

அடுத்து எண்கள். 20,000 ரூபாய் சம்பளம் ‘பை 5,000’ உயர்ந்தால் 25,000 ஆகும். ‘டு 5,000’ என்று தவறி எழுதினால், உயர்வு என்ற பெயரில் சம்பளம் 5,000 ஆகிவிடும்!

‘ஆல்’ உருபும் ஏமாற்றும். ‘காவலாளியால் திறக்கப்பட்டது’, ‘சாவியால் திறந்தான்’ என இரண்டுக்கும் தமிழில் ‘ஆல்’ போதும். ஆங்கிலத்தில் செய்தவருக்கு ‘பை’, கருவிக்கு ‘வித்’: ‘ஓப்பன்ட் பை த வாட்ச்மேன்’, ‘ஓப்பன்ட் வித் எ கீ’.

பயணத்தில் ‘பை பஸ்’, ‘பை கார்’ சரி. நடுவில் ‘மை’ வந்தால் ‘பை’ போய்விடும்: ‘இன் மை கார்’, ‘ஆன் மை பைக்’. நடந்து போனால் ‘பை வாக்’ இல்லை, ‘ஆன் ஃபுட்’.

பெங்களூரு ஓட்டல்களில் ‘ஒன் பை டூ காபி’ கேட்டால் ஒரு காபியை இரண்டாகப் பிரித்துத் தருவார்கள். லண்டனில் அப்படிக் கேட்டால் விழிப்பார்கள். நம் வகுப்பறை ‘த்ரீ பை ஃபோர்’ முக்காலைக் குறிக்கும். அங்கே அது பெரும்பாலும் 3 அடிக்கு 4 அடி என்ற நீள அகலம். பின்னத்துக்கு ‘த்ரீ குவார்ட்டர்ஸ்’ அல்லது ‘த்ரீ ஓவர் ஃபோர்’ என்று சொல்லுங்கள்.

‘பைஹார்ட் பண்ணினேன்’ தமிழில் நன்றாகவே ஓடுகிறது, அதில் குறையில்லை. ஆங்கிலத்தில் பேசும்போது மட்டும் ‘ஐ பைஹார்ட்டட் இட்’ வேண்டாம். ‘ஐ லேர்ன்ட் இட் பை ஹார்ட்’ என்பதே வழக்கு.