ஊர்ப் பாடகி ஒருவரின் சினிமா, டிவி கணக்கை எழுதி வைப்பது எப்படி

மதுரையைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும் பாட்டுப் பாடிப் பேர் வாங்கிய ஒருவர் இருப்பார். முளைப்பாரிக்குக் கும்மி, சாவு வீட்டில் ஒப்பாரி, திருவிழா மேடையில் தெம்மாங்கு என்று பாடிக்கொண்டிருந்தவரை ஒரு இசையமைப்பாளர் மெட்ராசுக்குக் கூப்பிட்டிருப்பார், போய் ஒரு படத்தில் பாடியிருப்பார், நாலைந்து படத்தில் பாட்டியாக வந்திருப்பார், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் டிவியில் முகம் காட்டியிருப்பார். அப்படி ஒருவர் உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், அவர் செய்ததை எல்லாம் ஒரு நோட்டில் எழுதும் வேலையை இந்த மாதமே தொடங்குங்கள்.

எங்கள் பெரியம்மா அப்படிப் பாடியவர். அவர் இறந்த அன்று ஒரு நிருபர் போனில் "மொத்தம் எத்தனை படம்?" என்று கேட்டார். அண்ணன் ஏழு என்றான், சித்தி பதினொன்று என்றார், நான் வாயே திறக்கவில்லை. மறுநாள் பேப்பரில் 'பல படங்களில் பாடியவர்' என்று வந்தது. நாற்பது வருடம் தொண்டை வறளப் பாடியவருக்கு 'பல' என்ற ஒரு சொல்தானா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அதற்குப் பிறகு நாங்கள் அலைந்து சேர்க்க இரண்டு வருடம் ஆனது. அவர் இருந்தபோது நாலு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் முடிந்திருக்கிற வேலை.

சரி, எங்கே தொடங்குவது? கூகுளில் தொடங்காதீர்கள். இணையத்தில் இருக்கிற பட்டியல்களில் பாதி ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை, அதிலும் கிராமத்துப் பாடகர்களின் பெயர் படும் பாடு சொல்லி முடியாது. நம் பக்கத்தில் முனியம்மாவும் கருப்பாயியும் தெருவுக்கு நாலு பேர். அதனால்தான் ஊர்ப் பெயர் முன்னால் வந்து ஒட்டிக்கொள்கிறது: பரவை முனியம்மா, கொல்லங்குடி கருப்பாயி. அந்த ஊர்ப் பெயர்தான் அவர்களுக்கு இனிஷியல். பாட்டு ஆப்களில் ஊர்ப் பெயரை விட்டுவிட்டு வெறும் பெயரைப் போட்டுவிட்டால், ஒருவர் பாட்டு இன்னொருவர் கணக்கில் போய்விடும். ஆகவே நோட்டின் முதல் பக்கத்தில் அவர் பெயரை எத்தனை விதமாக எழுதியிருக்கிறார்களோ அத்தனையையும் எழுதுங்கள். ஊர்ப் பெயரோடு, ஊர்ப் பெயர் இல்லாமல், ஒற்று சேர்த்து, ஒற்று விட்டு, ஆங்கில எழுத்தில் வரும் எல்லா விதத்திலும். பின்னால் தேடும்போது இந்த ஒரு பக்கம்தான் காப்பாற்றும்.

அப்புறம் கட்டங்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒருவரை வைத்தே சொல்கிறேன். பரவை முனியம்மா, மதுரைக்கும் சமயநல்லூருக்கும் நடுவில் இருக்கிற பரவைக்காரர். 2003-ல் வந்த 'தூள்' படத்தில் வித்யாசாகர் இசையில் 'சிங்கம் போல' பாட்டைப் பாடினார், அதே படத்தில் பாட்டியாகவும் நடித்தார். இதைப் 'பாடிய படம்' என்று ஒரே வரியில் எழுதினால் பாதி உழைப்பு காணாமல் போய்விடும். பாடினாரா, நடித்தாரா, இரண்டும் செய்தாரா என்று தனித்தனிக் கட்டம் வேண்டும். அவர் பிற்காலத்தில் கலைஞர் டிவியில் கிராமத்துச் சமையல் செய்து காட்டினார், அதில் பாட்டும் வரும், பேச்சும் வரும். அது டிவிக் கட்டத்தில் போகும். படத்துக்கு முன்னால் அவர் ஏறிய கோயில் மேடைகளுக்கு இன்னொரு கட்டம். அந்த மேடைகள் இல்லாமல் 'தூள்' இல்லை, ஆகவே அந்தக் கட்டத்தைப் பட்டியலின் முதலில் வையுங்கள், கடைசியில் தள்ளாதீர்கள். 2020 மார்ச் 29-ல், ஊரடங்கு தொடங்கிய நாலைந்து நாளில் அவர் இறந்தார். வெளியூர் ரசிகர்கள் நினைத்தாலும் வந்து பார்க்க வழியில்லாத நாட்கள் அவை.

ரேடியோவை மறந்துவிடாதீர்கள். கொல்லங்குடி கருப்பாயி 1985-ல் 'ஆண் பாவம்' படத்தில் வந்து நாடு முழுக்கத் தெரிந்தார், ஆனால் அதற்கு முன்பே வானொலியில் பாடியவர். ஆகாசவாணி கூப்பிட்டுப் பாட வைத்தால் தேதியும் தொகையும் போட்ட ஒப்பந்தக் கடிதம் வரும். பழைய டிரங்குப் பெட்டியில் பத்திரத்தோடு பத்திரமாக அது கிடக்கும், தேடுங்கள். இவ்வளவு உறுதியான ஆதாரம் சினிமாவிலிருந்துகூட உங்களுக்குக் கிடைக்காது.

இப்போது முக்கியமான வேலை, உட்கார்ந்து கேட்பது. "எத்தனை படம், எந்த வருசம்?" என்று கேட்டால் எந்தப் பாடகருக்கும் பதில் வராது, கேட்கிற நாமும் போலீஸ் மாதிரித் தெரிவோம். பெரியம்மா விஷயத்தில் பட்ட பிறகு, எங்கள் தெருவிலேயே இருக்கிற இன்னொரு பாடகியிடம் போய் உட்கார்ந்தேன், அவரை நாங்கள் அம்மாச்சி என்றுதான் கூப்பிடுவோம். முதல் நாள் வருடம் கேட்டேன், "அதெல்லாம் யாரு கண்டா" என்று வெற்றிலையை எடுத்துவிட்டார். இரண்டாம் நாள், "மெட்ராசுக்குப் போனப்ப என்ன சேலை கட்டியிருந்தீங்க அம்மாச்சி?" என்று கேட்டேன். உடனே முகம் மாறியது. "அரக்குச் சேலை, மயில் பார்டர் போட்டது, மீனாச்சி கோயில் கும்பாபிசேகத்துக்கு முந்துன தீவாளிக்கு எடுத்தது, அத மொத மொத அன்னைக்குத்தேன் கட்டுனேன்" என்றார். எந்தக் கும்பாபிஷேகம் என்றேன். பேத்தி பிறந்த பிறகு நடந்தது என்றார். அப்படியானால் 2009 ஏப்ரல், அதற்கு முந்தைய தீபாவளி 2008. வருடம் கிடைத்துவிட்டது, கூடவே யாரோடு போனார், எந்த லாட்ஜில் தங்கினார், மைக் முன்னால் நிற்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டு நின்றது, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தது.

நம் ஊர்க்காரர்களுக்கு வருடம் எண்ணில் இல்லை, நிகழ்ச்சியில் இருக்கிறது. அதனால் கேட்கப் போகும்போது ஒரு சிறு துண்டுத்தாளில் இதெல்லாம் எழுதி எடுத்துப் போங்கள்: மதுரையில் உலகத் தமிழ் மாநாடு 1981 ஜனவரி, எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர், மீனாட்சி கோயில் கும்பாபிஷேகம் 1995, மறுபடி 2009. இவற்றோடு அந்த வீட்டுக் கல்யாணங்கள், பிள்ளை பிறந்தது, வீடு கட்டியது. இதற்கு முன்னாலா பின்னாலா என்று மட்டும் கேட்டால் போதும், வருடம் தானாக நெருங்கி வரும். பேசும்போது போனில் ரெக்கார்டிங் போட்டு வையுங்கள், அவரிடம் சொல்லிவிட்டுத்தான். இடையில் பாடினால் நிறுத்தச் சொல்லாதீர்கள். அம்மாச்சி பாடிக் காட்டியதில் இரண்டு பாட்டு எந்தக் கேசட்டிலும் இல்லாதவை.

பேச்சு முடிந்ததும் பொருள்களைத் தேடுங்கள். திருவிழா நோட்டீஸ், வால்போஸ்டர், கல்யாணக் கச்சேரி ஆல்பம், கேசட், வீடியோ கேசட். நோட்டீசில் தேதி, கிழமை, ஊர், கூடப் பாடியவர், மைக்செட்காரர் பெயர் வரைக்கும் இருக்கும். வருடம் இல்லாமல் தமிழ் மாதத் தேதியும் கிழமையும் மட்டும் இருந்தால்கூடப் பழைய பஞ்சாங்கத்தை வைத்து ஓரளவு கண்டுபிடித்துவிடலாம். கேசட் கிடைத்தால் ஆசையில் உடனே போட்டுக் கேட்காதீர்கள். முதலில் மேல் விளிம்பில் இருக்கிற இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள், தப்பித் தவறி ரெக்கார்டு பட்டனை அமுக்கினாலும் குரல் அழியாது. டேப்பில் வெள்ளையாகப் பூசணம் தெரிந்தால் வீட்டு டேப் ரெக்கார்டரில் போடவே வேண்டாம், கேசட்டை மாற்றித் தருகிறவரிடம் அப்படியே கொடுங்கள். பெரியம்மா பாடிய ஒரு பக்திக் கேசட்டின் உள்ளட்டையில் அவர் பெயரே இல்லை, 'குழுவினர்' என்று போட்டிருந்தார்கள். ஆனால் இரண்டாவது பாட்டின் நடுவில் ஆர்மோனியக்காரர் அவர் பெயரைச் சொல்லிப் "பாடு தாயி" என்று உற்சாகப்படுத்தும் குரல் பதிவாகியிருந்தது. அந்த நிமிடம், அந்த நொடியைக் குறித்துவைத்தோம். அதுதான் எங்களுக்கு ஆதாரம்.

சினிமாவில் கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் சில உண்டு. 'பாடினேன்' என்று பாடகர் சொல்வது பொய்யாக இருக்காது, ஆனால் அது ட்ராக்காக இருந்திருக்கலாம். மெட்டுக்கு மாதிரியாக ஒருவரைப் பாட வைத்துவிட்டு, படத்தில் வேறொருவர் குரலை வைப்பது சாதாரணமாக நடக்கிறது. கோரசில் பாடியிருக்கலாம். பாட்டு எடுத்து, படமே வராமல் போயிருக்கலாம். இதெல்லாமும் உழைப்புதான், அதனால் விடாமல் எழுதுங்கள், ஆனால் என்ன பாடினார் என்பதை அதற்குரிய சொல்லோடு எழுதுங்கள். இன்னொன்று, ரெக்கார்டிங் நடந்த வருடமும் படம் வந்த வருடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. நம் மதுரைக்காரர் டி.எம்.சௌந்தரராஜனுக்கே முதல் படம் 'கிருஷ்ண விஜயம்'. பாடியது 1946-ல், படம் வெளியானது 1950-ல். நாலு வருடம்! அவர் பாடகர் மட்டும் இல்லை, 'பட்டினத்தார்', 'அருணகிரிநாதர்' படங்களில் கதாநாயகனாகவே நடித்தவர். முனிச்சாலையில் இருக்கிற அவர் சிலையைத் தாண்டிப் போகிற பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் அடிக்கடி யோசிப்பேன்.

டைட்டில் கார்டைப் போட்டோ எடுத்து வையுங்கள். படம் ஓடும்போது நிறுத்தி, பெயர் வருகிற இடத்தை அப்படியே எடுங்கள், எத்தனையாவது நிமிடம் என்பதையும் எழுதுங்கள். பாட்டுப் பட்டியல் யாரும் எப்படியும் மாற்றி எழுதலாம், டைட்டில் கார்டை மாற்ற முடியாது. இதில் பணமும் இருக்கிறது. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, பாடகரின் குரலை வியாபாரமாகப் பயன்படுத்தினால் உரிமைத்தொகையில் அவருக்கும் பங்கு உண்டு என்று வந்தது. அந்த உரிமை 50 வருடம் நிற்கும். அதே சட்டத்தில், படத்தில் போகிற போக்கில் வந்து, வழக்கமாக எங்கேயும் பெயர் போடப்படாதவர்களைக் கலைஞராகவே கணக்கில் எடுப்பதில்லை என்றும் இருக்கிறது. பெயர் திரையில் வந்ததா வரவில்லையா என்பது இவ்வளவு பெரிய விஷயம். பாடகர்களுக்கான உரிமைத்தொகையை வசூலித்துக் கொடுக்க இஸ்ரா என்ற சங்கம் இருக்கிறது, இப்போது இசைக்கலைஞர்களையும் சேர்த்து இஸாம்ரா என்று பெயர். அங்கே போய்ச் சேரும்போது பாட்டு, படம், வருடம் எல்லாம் கையில் இருந்தால் வேலை சுலபம். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவதற்கும், நலிந்த கலைஞர் உதவித்தொகைக்கு எழுதிப் போடுவதற்கும் இந்த நோட்டு உதவும்.

டிவி விஷயம்தான் ரொம்பக் கஷ்டம். ஒளிபரப்பாகிவிட்டால் போனதுதான், பழைய நிகழ்ச்சிகளைச் சேனல்காரர்களிடம் கேட்டு வாங்குவது லேசில் நடக்காது. இங்கே சேனல்களின் வயது கொஞ்சம் கைகொடுக்கும். சன் டிவி 1993-ல் தொடங்கியது, அதற்கு முந்தையது என்றால் தூர்தர்ஷன்தான். ராஜ் டிவி 1994, கலைஞர் டிவி 2007. எந்தச் சேனல், எந்தப் பண்டிகை, கூட யார் பாடியது என்று மூன்றும் தெரிந்தால், கூடப் பாடியவர் வீட்டில் போய்க் கேட்கலாம், அவர் வீட்டில் யாராவது வீடியோ கேசட்டில் பிடித்து வைத்திருப்பார்கள். பெரியம்மா பாடிய ஒரு பொங்கல் நிகழ்ச்சி எங்களுக்கு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு தவில்காரர் வீட்டு அலமாரியில் கிடைத்தது, பாதிக்கு மேல் வேறு கல்யாணம் பதிவாகியிருந்தாலும் அவர் பாடிய மூன்று நிமிடம் அப்படியே இருந்தது. டிவியில் பாடியது, பேட்டி கொடுத்தது, போட்டியில் கலந்துகொண்டது, நடுவராக இருந்தது எல்லாவற்றையும் பிரித்து எழுதுங்கள். நாட்டுப்புறப் பாடகி சின்னப்பொண்ணு 2005-ல் 'சந்திரமுகி'யில் பாடினார், 2008-ல் 'நாக்க முக்க' பாடினார், 2021-ல் பிக் பாஸ் வீட்டுக்குள் போனார். முதல் இரண்டும் படத்தில் பாடியது, மூன்றாவது டிவியில் கலந்துகொண்டது, எல்லாவற்றையும் ஒரே கட்டத்துக்குள் அடைக்க முடியாது.

ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஆதாரம் என்ன என்று எழுத ஒரு சின்னக் கட்டம் விடுங்கள். 'டைட்டில் கார்டு', 'கேசட் அட்டை', 'அவரே சொன்னது' என்று ஒரு சொல் போதும். அவர் சொன்னது மட்டும்தான் ஆதாரம் என்றாலும் வெட்கப்பட வேண்டாம், அப்படியே எழுதுங்கள், ஆனால் டைட்டில் கார்டு பார்த்ததாக எழுதாதீர்கள். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவர் கணவரும் ஊர் ஊராகப் போய் நாட்டுப்புறப் பாட்டுகளைச் சேகரித்தவர்கள், மேடையேறிப் பாடியவர்களும்கூட. 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவ்வளவு பெரிய வேலை நம்மால் முடியாது. நம் தெருப் பாடகி ஒருவரின் கணக்கை நேர்மையாக எழுதுவது முடியும்.

எழுதி முடித்ததும் ஒருநாள் சாவகாசமாக அவர் முன்னால் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து சத்தமாக வாசியுங்கள். அம்மாச்சிக்கு நான் வாசித்தபோது பதினாலாவது வரியில் கையைக் காட்டி நிறுத்தினார். "அது நான் இல்லப்பா, அது மேலூர்க்காரி பாடுனது, அவ பேர்ல எழுது" என்றார். அந்த வரியை அடித்துவிட்டு, மேலூர் அம்மாவுக்கு ஒரு புது நோட்டு போட்டேன். அப்புறம் மூன்று நகல் எடுத்தோம். ஒன்று ரேஷன் கார்டு, ஆதாரோடு அவர் பெட்டியில், ஒன்று சென்னையில் இருக்கிற பேத்தியிடம், ஒன்று என்னிடம். ஒவ்வொன்றிலும் கடைசி நாலு பக்கம் காலியாக இருக்கிறது, போன வாரம்கூட ஒரு கோயில் கொடைக்கு அவர் பாடப் போயிருந்தார்.